உப்பூற்று நகரில் ஒரு பகல்

ஜேர்மனிக்குச் செல்வோர் பெரும்பாலும் பேர்லினையும் மியூனிச்சையும் கொலோன் தேவாலயத்தையும் கண்டு திரும்புவர். நேரம் எஞ்சியிருப்பின் றைன் நதியில் ஒரு நாள் படகேறுவர். ஹாலே என்னும் நகரின் பெயர் அவர்கள் குறிப்பேட்டில் இடம்பெறுவது அரிது. நாட்டின் கிழக்குப் பகுதியிலே, சாலே என்னும் நதியின் கரையிலே அமைந்துள்ள அந்நகரம் அழகிற்குப் பேர்போனதன்று; கிழக்கு ஜேர்மன் ஆட்சி நிலவிய நாற்பது ஆண்டுகளில் இரசாயனத் தொழிற்சாலைகளின் புகையால் கறுத்துப் போன ஊர் என்றே பலரும் அதனை அறிந்திருந்தனர். ஆயினும், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஐரோப்பாவில் ஒரேயொரு பகற்பொழுதை ஒரேயொரு நகரில் கழிக்க நேர்ந்தால், அந்நகரம் ஹாலேயாய் இருத்தல் வேண்டும். அதற்குரிய காரணம் ஊரின் தென்புறத்தில் உள்ளது. அங்குச் சென்றடையுமுன் பழைய நகரைக் கால்நடையாகவே கடந்து செல்லுதல் நன்று.

லைப்சிக் நகரிலிருந்து புகைவண்டியில் அரைமணி நேரத்தில் ஹாலேயை அடையலாம். நிலையத்திலிருந்து மேற்கு நோக்கி நடப்பவரைப் பதினைந்தாம் நூற்றாண்டுக் காவற்கோபுரமொன்று முதலில் எதிர்கொள்ளும். நகரைச் சூழ்ந்திருந்த மதில் இடிக்கப்பட்டு நெடுங்காலமாயிற்று. கோபுரம் மட்டும் தனித்து நிற்கின்றது. அதனைக் கடந்து, வண்டிகள் புகாத கடைத்தெருவின் வழியே சென்றால், அகன்ற சந்தை முற்றம் திடீரென விரியும். ஐந்து கோபுரங்கள் ஒருங்கே கண்ணிற்படும். நான்கு கோபுரங்கள் ஒரே தேவாலயத்துக்கு உரியன. ஐந்தாவது, தேவாலயத்தோடு ஒட்டாது முற்றத்தின் நடுவே தன்னந்தனியே எழுந்து நிற்கும் செங்கோபுரம்.

செங்கோபுரம் எண்பத்து நான்கு மீற்றர் உயரமுடையது. 1418 இல் தொடங்கிய வேலை 1506 இலேதான் நிறைவெய்தியது. அஃதாவது, கடைக்கால் இட்டவரின் பேரனும் முடியைக் காண உயிரோடு இருந்திருப்பானோ என்பது ஐயம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினரின் பீரங்கிக் குண்டால் அதன் கூரை எரிந்து வீழ்ந்தது. எனினும் நகரம் முழுவதும் அழியவில்லை. முதலாம் உலகப் போரிற் பெயர்பெற்ற கடற்போர் வீரர் பீலிக்ஸ் பொன் லுக்னரும் வேறு சிலரும் அமெரிக்கத் தளபதியிடம் சென்று பேசியதன் பயனாய் ஹாலே பெருங்குண்டு வீச்சிலிருந்து தப்பியது. அயலிலுள்ள பல நகரங்கள் சாம்பராய்க் கிடக்க, ஹாலேயின் பழைய வீதிகள் பழைய வீதிகளாகவே இன்றும் உள்ளமை அதனாலேயே. எரிந்த கூரை 1970களில் மீண்டும் அமைக்கப்பட்டது. எழுபத்தாறு மணிகளைக் கொண்ட மணித்தொகுதி ஒன்று இப்போது அக்கோபுரத்திலிருந்து இசைக்கின்றது.

முற்றத்தின் மேற்கே நிற்கும் நான்கு கோபுரத் தேவாலயத்தின் கதை விந்தையானது. அவ்விடத்தில் முன்னர் இரண்டு தேவாலயங்கள் அருகருகே இருந்தன. 1529 ஆம் ஆண்டில் அவ்விரண்டின் கோபுரங்களை மட்டும் விட்டுவிட்டு நடுக்கட்டடங்களை இடித்து, இருசோடிக் கோபுரங்களுக்கு இடையே ஒரு பெரிய மண்டபத்தை எழுப்பத் தொடங்கினர். அப்பணிக்குப் பின்னின்றவர் கர்தினால் ஆல்பிரெக்ட். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையினால் மாட்டின் லூதரின் சினத்துக்கு முதலிற் காரணமாயிருந்த அதே ஆல்பிரெக்ட்தான் அவர். லூதரின் கொள்கை தம் நகரிற் புகாது தடுக்கும் அரணாகவே இவ்வாலயத்தை அவர் எண்ணினார். நடந்ததோ வேறு. கடன் சுமையோடும் மனக் கசப்போடும் 1541 இல் கர்தினால் நகரைவிட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே சீர்திருத்தக் கொள்கை ஹாலேயிற் குடிபுகுந்தது. கட்டடம் முற்றுப்பெறுமுன்னரே லூதர் அங்கு வந்து பிரசங்கம் செய்தார். 1546 பெப்ரவரியில் அவர் ஐஸ்லேபன் என்னும் தம் பிறந்த ஊரில் இறந்தபோது, உடலை விற்றன்பேர்க் நகருக்குக் கொண்டு செல்லும் வழியில் ஓரிரவு இவ்வாலயத்திலே வைத்தனர். அவருடைய முகத்தினதும் கைகளினதும் மெழுகுப் பதிவுகள் ஆலயத்தின் சிற்றறையொன்றில் இன்றும் காக்கப்பட்டுள்ளன. எவரைத் தடுப்பதற்கென்று அரண் எழுப்பப்பட்டதோ, அவருடைய முகமே அவ்வரணின் உட்பொருளாயிற்று.

கீழ்ப்புறத்துச் சோடிக் கோபுரங்களை உச்சியில் ஒரு சிறு பாலம் இணைக்கின்றது. அங்கே காவலன் ஒருவன் குடும்பத்தோடு வாழ்ந்து, நகரில் எங்கேனும் தீப்பற்றினால் மணியடித்து அறிவிப்பது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவ்வழக்கம் நிலவியது. ஆலயத்தினுள்ளே 1664 இல் அமைக்கப்பட்ட சிறிய ஓர்கன் வாத்தியம் ஒன்று உண்டு. கெயோர்க் பிரீட்றிக் ஹெண்டல் சிறுவனாய் இருந்தபோது, ஆலய இசைஞரான சாக்கோ என்பவரிடம் பாடங்கேட்டது இங்கேதான். 1685 இல் ஹாலேயிற் பிறந்து, இவ்வாலயத்திலே திருமுழுக்குப் பெற்றவர் ஹெண்டல். தந்தையார் அறுவை வைத்தியர். மகன் சட்டம் பயில வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனும் 1702 இல் ஹாலேப் பல்கலைக்கழகத்திற் பெயர் பதிந்தார். ஆனால் அடுத்த ஆண்டிலேயே ஹம்பேர்க் நகரின் நாடக அரங்கை நாடிப் புறப்பட்டுவிட்டார். பின்னர் இலண்டன் அவரைத் தனதாக்கிக் கொண்டது. 1859 இல் சந்தை முற்றத்தில் எழுப்பப்பட்ட அவர் சிலைக்கு ஜேர்மானியர் மட்டுமன்றி ஆங்கிலேயரும் பொருள் உதவினர். அவர் பிறந்த இல்லம் சில நிமிட நடைத் தூரத்தில் உள்ளது. 1948 தொட்டு அரும்பொருட் காட்சியகமாய் விளங்குகின்றது.

இந்நகரின் செல்வம் முழுவதும் எங்கிருந்து வந்தது என அறிய விரும்புவோர், ஆலயத்தின் பின்புறத்துப் படிகளில் இறங்கிச் செல்லல் வேண்டும். அங்குள்ள சிறிய முற்றம் சந்தை முற்றத்தினும் தாழ்ந்து கிடக்கும். நிலத்தடிப் பாறை ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்து பிளவுண்ட இடம் இது. அப்பிளவின் வழியே ஆழத்திலுள்ள உப்பு நீர் ஊறி மேலே வந்தது. நான்கு கிணறுகள் தோண்டி அந்நீரை இறைத்து, குடிசைகளில் அகன்ற தட்டங்களில் இட்டு, விறகெரித்துக் காய்ச்சினர். வெயிலில் உப்பு விளைவதையே கண்டு பழகிய நாட்டவருக்கு இது வீண் உழைப்பெனத் தோன்றலாம். ஆண்டின் பாதியும் பனியும் மேகமும் மூடிய நாட்டில் ஞாயிற்றை நம்பி எவரும் பாத்தி கட்ட இயலாது. நீரிலுள்ள அழுக்கைத் திரட்டி அகற்ற மாட்டு இரத்தத்தைச் சேர்ப்பதும் உண்டாம். இத்தொழில் செய்தோர் ஹலோரன் எனத் தனிக் குழுவினராய், தமக்கெனச் சட்டமும் உடையும் கொண்டு வாழ்ந்தனர். அவர்தம் விழாச் சட்டையிலுள்ள பதினெட்டு வெள்ளிப் பொத்தான்கள் இன்றும் புகழ்பெற்றவை. இப்பெயரையே தாங்கிய இனிப்புத் தொழிற்சாலை ஒன்று 1804 இலிருந்து இயங்கி வருகின்றது. உப்பினாற் பெற்ற பெயரைச் சொக்கிலேற்றுக்கு ஈந்துவிட்ட ஊர் உலகில் வேறொன்று இருக்குமோ தெரியாது. ஆற்றிடைத் தீவிலிருந்த அரச உப்பாலை 1964 இல் மூடப்பட்டது.

உப்பினால் வந்த செல்வம் பூசலையும் கொணர்ந்தது. உப்புக்கிணற்று முதலாளிகளும் கைவினைஞர் சங்கத்தாரும் தமக்குள் மோதிக்கொண்ட வேளை பார்த்து, 1478 இல் பேராயர் தம் படையை நகருக்குட் புகுத்தினார். குடிமக்கள் மீண்டும் தலைதூக்காதிருக்கவே 1484 இல் மோரிட்ஸ்பேர்க் கோட்டைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அது ஓவியக் கூடம். காலமுள்ளவர் உள்ளே சென்று காணலாம். ஒரே பகலில் திரும்ப வேண்டியவர் வெளிமதிலைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்புவதே தகும்.

தெற்கே செல்லும் வழியில், பழைய நகரின் எல்லையில், தூண்களின்மேற் செல்லும் அகன்ற நெடுஞ்சாலையொன்று குறுக்கிடும். 1960களின் இறுதியில், புதிய தொழிலாளர் குடியிருப்பையும் பழைய நகரையும் இணைப்பதற்கென்று கட்டப்பட்டது அது. அதன் ஓயாத இரைச்சலுக்குப் பக்கத்திலேயே, முகப்புச் சிகரத்தில் ஞாயிற்றை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளின் உருவங்களைத் தாங்கிய பெரிய மாளிகை நிற்கின்றது. பிராங்கே நிறுவனங்கள் எனப்படுவன இங்கிருந்து தொடங்குகின்றன.

ஆகுஸ்ட் ஹேர்மன் பிராங்கே 1663 இற் பிறந்தவர். நகர்ப்புறத்திலிருந்த கிளவுகா என்னும் ஏழைக் குடியிருப்பிற் போதகராய் இருந்தவர். பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் பணியாற்றியவர். 1695 ஆம் ஆண்டில் அவருடைய காணிக்கைப் பெட்டியில் ஒருவர் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் இட்டுச் சென்றார். அத்தொகையைக் கண்டதும் அதனைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கலாம் எனப் பிராங்கே துணிந்தார். புத்தகங்கள் சில வாங்கி, மாணவர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஏழைச் சிறுவர்க்குப் படிப்பிக்கச் செய்தார். மூன்றாண்டில் அநாதைகள் இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் இறந்த 1727 இல் அப்பள்ளிகளிற் பயின்றோர் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. நூறு மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் ஆறு மாடி உயரமும் கொண்டு மரச்சட்டங்களால் ஆகிய நெடிய விடுதிக் கட்டடம் முற்றத்தின் ஒரு பக்கத்தை முழுவதும் அடைத்து நிற்பதைக் காண்போர், நான்கு தாலரை நம்பித் தொடங்கியவரின் துணிவை எண்ணாது நகர முடியாது. துணிவோடு வணிகத் திறமையும் அவருக்கு இருந்தது. அநாதைகள் இல்லத்துக்குச் சொந்தமாய் மருந்துச்சாலை, அச்சகம், புத்தகசாலை ஆகியன இருந்தன. மருந்து விற்ற பணமே பல ஆண்டுகள் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது.

இவ்விடத்திலிருந்தே தமிழோடு தொடர்பு தொடங்குகின்றது. டென்மார்க் அரசர் நாலாம் பிரெடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குக் கிறித்தவ போதகர்களை அனுப்ப விரும்பினார். தெரிந்தெடுக்கப்பட்ட பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்றிக் புளூச்சோ ஆகிய இருவரும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்க் ஹாலேயிற் படித்தவர்; பிராங்கேயின் வழிநின்றவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார் அவர். இரண்டு ஆண்டுகளிலே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றின் அட்டவணை ஒன்றை 1708 இல் எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய மூன்றையும் அவ்வாண்டிலேயே ஜேர்மன் மொழியில் ஆக்கினார்.

தமிழ் அச்சேறுவது அப்பொழுது புதுமையன்று. போர்த்துக்கீசப் பாதிரிமார் 1578 இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களால் ஒரு நூலை அச்சிட்டிருந்தனர். ஆனால் அம்முயற்சி தளர்ந்து போயிற்று. சீகன்பால்க் தமிழ் எழுத்துக்களின் வடிவத்தை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தமிழைக் காதாற் கேட்டறியாத அவ்வூர்க் கைவினைஞர், அவ்வடிவங்களைப் பார்த்து எழுத்து வெட்டி ஈயத்தில் வார்த்தனர். வளைவும் சுழியும் கொம்பும் காலும் அவர்கட்கு வெறுஞ் சித்திரங்களே. அங்ஙனம் வார்க்கப்பட்ட எழுத்துக்கள் 1713 இல் தரங்கம்பாடியை அடைந்தன. அளவிற் பெரியவையாய் இருந்தமையாற் கடதாசி மிகுதியாகச் செலவாகுமென்று கண்டு, ஹாலேயிலிருந்து சென்ற ஆட்லர் என்னும் தொழிலாளர் அங்கேயே சிறிய எழுத்துக்களை வெட்டினார். 1715 இற் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது.

இவ்வரலாறு ஓரளவு பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 1714 இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது தனியே செல்லவில்லை. மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் ஒருவரும் உடன் சென்றார். கப்பலில் இருவரும் தமிழிற் பேசியும் எழுதியும் வந்தனர். 1715 இல் ஹாலேயை அடைந்த மலையப்பன், இம்முற்றத்தின் கற்களிலே நடந்திருக்கின்றார். இக்கழுகுகளை அண்ணாந்து பார்த்திருக்கின்றார். சீகன்பால்க் இலத்தீன் மொழியில் இயற்றிய தமிழ் இலக்கண நூல் 1716 இல் இங்குள்ள அச்சகத்திலேயே, ஹாலேயின் எழுத்துக்களாலேயே அச்சாயிற்று. தலைப்பில் நூலாசிரியரின் பெயர் உள்ளது. பிழையறிந்து திருத்தவும் ஐயந்தீர்க்கவும் பக்கத்திலிருந்த ஒரே தமிழரின் பெயர் அங்கில்லை. ஆபிரிக்காவின் பொற்கரையிலிருந்து வந்த அன்ரன் வில்ஹெல்ம் ஆமோ என்பவர் இதே நகரின் பல்கலைக்கழகத்தில் 1727 இல் மாணவராய்ச் சேர்ந்து, பின்னர் ஆசிரியராய் உயர்ந்தார். அவருக்கு நினைவுப் பலகை உண்டு. மலையப்பனோ நாடு திரும்பித் தரங்கம்பாடியில் தம் பணியைத் தொடர்ந்தார்.

முற்றத்தின் உட்புறத்தில் 1728 இல் நிறைவெய்திய நூலகம் உள்ளது. நூலகத்துக்கென்றே தனிக் கட்டடம் எழுப்புவது அக்காலத்து ஜேர்மனியிற் பேரருமை. நாடக மேடையின் பக்கத் திரைகள் போன்று ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் நூற்பேழைகள் இன்றும் அவ்வண்ணமே உள்ளன. அநாதைகள் இல்லத்தின் மேன்மாடத்தில் விந்தைப் பொருட்கூடம் ஒன்றிருக்கின்றது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். சங்கு, கல், கருவி, தூர நாட்டு உடை, செருப்பு என ஏறக்குறைய மூவாயிரம் பொருட்கள் சித்திரந் தீட்டிய பேழைகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஏழைச் சிறுவர் உலகைக் காண வெளியே செல்ல இயலாது. ஆகையால் உலகையே மாடிக்குக் கொணர்ந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த பொருட்களுக்கும் அங்கே இடமுண்டு. அவற்றுக்கு இடப்பட்ட பெயர் மலபார் என்பது. அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே அழைத்தனர்; இலங்கையை ஆண்ட ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தம் ஏடுகளில் அவ்வாறே எழுதி வைத்துள்ளமை நேயர் பலர் அறிந்ததே.

பொருட்கூடத்தினும் பெரிய செல்வம் சுவடிக் காப்பகத்தில் உள்ளது. ஓலைச் சுவடிகளும், தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கே பேணப்படுகின்றன. 1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் அவருடைய துணைவரும் தமிழறிஞர் பலரிடம் வினாக்களை அனுப்பி, விடைகளைக் கடிதங்களாய்ப் பெற்றனர். அத்தொகுதியில் தொண்ணூற்றொன்பது கடிதங்கள் உள்ளன. அவை ஜேர்மன் மொழியில் ஹாலேயில் அச்சிடப்பட்டன. தெய்வம் எத்தகையது, மருத்துவம் எவ்வாறு நிகழ்கின்றது, கிறித்தவ சமயத்தைக் குறித்து உங்கள் கருத்து யாது என்றெல்லாம் வினவப்பட்டதற்கு, எழுதியோர் அச்சமின்றி விடையிறுத்துள்ளனர். கிறித்தவர்கள் பசுவைக் கொல்கின்றனர், குடித்து மயங்குகின்றனர், தூய்மை பேணுவதில்லை. அத்தகையோர் கூறும் சமயத்தை எங்ஙனம் ஏற்பது என்று நேர்முகமாய்க் கேட்டவர்களும் உளர். மதம் மாற்றச் சென்றவர்கள் தம்மைக் குறைகூறிய கடிதங்களை மொழிபெயர்த்துத் தம் நாட்டவர் படிக்க அனுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. எழுதியோர் பெயர்கள் அச்சில் இல்லை. அவற்றுட் பெரும்பகுதி சீகன்பால்க்கின் மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பரின் கையாலானது என்பது ஆய்வாளர் சிலரது கருத்து.

எல்லாம் அவ்வாறு அச்சேறவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை விரித்துரைக்கும் பெருநூலொன்றைச் சீகன்பால்க் 1713 இல் எழுதி அனுப்பினார். சிவன், திருமால், ஐயனார், மாரியம்மன் என ஊர்த் தெய்வங்கள் வரை அதில் உண்டு. ஹாலேயின் பெரியோர் அதனை விரும்பவில்லை. அந்நூல் அவர் பெயரோடு வெளிவந்தது 1867 இற் சென்னையிலேதான். கொன்றைவேந்தன் மொழிபெயர்ப்போ 1930 வரை காத்திருந்தது. சீகன்பால்க் 1719 இல், தம் முப்பத்தாறாம் வயதிலே தரங்கம்பாடியில் இறந்தார். அவருக்குப் பின் ஹாலேயிலிருந்து வந்தோருள் பப்ரீசியுஸ் தமிழுக்கு அகராதி செய்தவர். அது 1779 இல் வேப்பேரியில் அச்சாயிற்று.

இக்கட்டடங்கள் பிழைத்து நிற்பதும் ஓர் அதிசயமே. 1946 இல் நிறுவனம் கலைக்கப்பட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டது. கூரைகள் ஒழுகின, மரச்சட்டங்கள் உளுத்தன. ஜேர்மனி ஒன்றுபட்ட பின்னரே, 1990களில், நூலகத்துறை அறிஞர் போல் ராபே என்பவரின் தலைமையில் கட்டடங்கள் ஒவ்வொன்றாய்ச் செப்பனிடப்பட்டன. இன்று அம்முற்றத்திற் பள்ளிகளும் சிறுவர் பூங்காவும் பல்கலைக்கழகத் துறைகளும் நடைபெறுகின்றன. பகல் இடைவேளையில் பிள்ளைகளின் கூச்சல் நெடுஞ்சாலையின் இரைச்சலையும் மிஞ்சும்.

மாலை வண்டிக்குத் திரும்புவோர் சிறிது சுற்றி, நகரக் கல்லறைத் தோட்டத்தின் வழியே செல்வது நலம். 1557 இல் தொடங்கப்பட்ட அத்தோட்டத்தின் நான்கு புறமும் தொண்ணூற்று நான்கு வளைவு மண்டபங்கள் சூழ்ந்துள்ளன; ஒவ்வொரு வளைவின் முகப்பும் ஒவ்வொரு வகைக் கொடிவேலைப்பாடு உடையது. ஹெண்டலின் தந்தையார் அங்கே துயில்கின்றார். பிராங்கேயின் குடும்பத்தாருக்குரிய வளைவும் அங்குள்ளது; இரும்புக் கிராதியின் ஊடே பெயரை வாசிக்கலாம். பொழுது சாய்ந்ததும் காவலர் வாயிலை அடைத்துவிடுவார். அங்கிருந்து புகைவண்டி நிலையம் கால்மணி நேர நடை.